மூன்றாம் ஆண்டு மாணவி

என் மனைவி ரஞ்சிதம் நாற்பத்தொன்றாம் வயதில் கல்லூரியில் சேர்ந்தாள். பி.ஏ. தமிழ், மாலை நேர வகுப்பு. நான் நெல்லித்தோப்பில் ஒரு லாரி பார்சல் அலுவலகத்தில் புக்கிங் எழுதுகிறவன். மதியம் இரண்டு மணிக்குப் போனால் ராத்திரி வண்டி கிளம்பிய பிறகுதான் வீட்டுக்கு வர முடியும். எங்களுக்குக் குழந்தை இல்லை. பத்தொன்பது வருடம் சாயங்காலங்களை அவள் தனியாகவே கழித்திருக்கிறாள்.

“நீங்க லாரிக்குப் போற நேரத்துல நான் காலேஜுக்குப் போயிட்டு வரேன். யாரு மொதல்ல வீட்டுக்கு வராங்களோ அவங்க சோறு வெக்கணும்” என்றாள்.

“அப்ப நான் ஆபீஸ்லயே படுத்துக்கறேன்” என்றேன்.

அவள் வைத்திக்குப்பத்துக்காரி. அவளுடைய அப்பா தேங்காய்த்திட்டில் விசைப்படகுக்குப் போனவர். நான் பாகூர்ப் பக்கம், நிலத்தை நம்பிய குடும்பம். எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. என் வீட்டார் கடைசிவரை அப்படியே இருந்துவிட்டார்கள். அவள் பக்கத்தில் தங்கை வினோதா மட்டும் நாலைந்து வருடம் கழித்து வரப்போக இருந்தாள். அதற்குப் பிறகு எங்களுக்கு உறவு என்று சொல்லிக்கொள்ள அவள் ஒருத்திதான்.

கல்லூரியில் சேர்ந்த செய்தியைக் கேட்டதும் வினோதா வாசலிலேயே நின்று சிரித்தாள்.

“ஏக்கா, நம்ம தெருவுல உன் வயசுக்காரிங்க மருமவ எடுத்துட்டாளுங்க. நீ பேக்க மாட்டிக்கினு போறியே, கிளாஸ்ல உன்ன டீச்சர்னு நெனச்சி எழுந்து நிக்கப் போறாங்க.”

“மொத நாளு அப்படித்தான் நின்னாங்க. ஒக்காருங்கடான்னு சொல்லிட்டு கடைசி பெஞ்சுல போய் ஒக்காந்தேன்” என்றாள் ரஞ்சிதம்.

வகுப்பில் மீதிப்பேர் எல்லோரும் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். அவர்களில் பூர்ணிமா என்ற பெண் இவளிடம் ஒட்டிக்கொண்டாள். மாணவர் சலுகையைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தது அந்தப் பெண்தான். கல்லூரி எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தது. அந்த முகவரியையும் அடையாள அட்டையின் படத்தையும் கொடுத்தால், போனில் பொருள் வாங்கும் கடை நம்மை மாணவர் என்று எடுத்துக்கொள்ளும். வருடச் சந்தா பாதி விலை. துணி, பை, செருப்பு, புத்தகம் எல்லாவற்றுக்கும் மற்றவர்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடிக்கு மேல் பத்து சதவீதம். வருடத்துக்கு ஒருமுறை அட்டையைத் திரும்பக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

அன்றைக்கு நான் வேலை முடிந்து வந்தபோது அவள் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். திரையில் அவள் பெயருக்கு முன்னால் ‘மாணவர்’ என்று இருந்தது.

“பாருங்க. கம்ப்யூட்டரே ஒத்துக்கிச்சு. உங்க கொழுந்தியாதான் இன்னும் ஒத்துக்கல.”

முதலில் ஒரு குடை வாங்கினாள். அப்புறம் எனக்கு ஒரு ஜோடி செருப்பு. அந்தச் செருப்பைத்தான் இன்றும் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் எவ்வளவு மிச்சம் என்று அவள் சொன்னது மறந்துவிட்டது. சொன்னபோது இருந்த முகம் மறக்கவில்லை. பத்தாவதோடு நிறுத்தப்பட்டு, மீன் கூடையோடு அம்மா பின்னால் போன பெண் அவள். தபாலில் பன்னிரண்டாவது எழுதி, இருபத்தைந்து வருடம் கழித்து வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பொறுத்தவரை அந்தத் தள்ளுபடி யாரோ மரியாதையாக நாற்காலி இழுத்துப் போட்டது மாதிரி.

இதைத் தெரிந்துகொண்டதும் வினோதா கேலியை நிறுத்திவிட்டாள். அவள் வீட்டிலேயே நைட்டி, லெகின்ஸ், குழந்தைகள் உடை வைத்து குப்பத்துப் பெண்களுக்கு விற்பவள். அக்காவின் கணக்கில் வாங்கினால் நைட்டிக்கு நைட்டி லாபம். இரண்டு மூன்று தடவை தனக்கென்று சொல்லி வாங்கிக்கொண்டாள். ஒருநாள் முப்பது நைட்டிக்கு ஒரு பட்டியலோடு வந்தாள். ரஞ்சிதம் அதை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“உனக்குன்னா எத்தன வேணா போட்டுத் தரேன் வினோதா. விக்கறதுக்குப் போட மாட்டேன். இது படிக்கிற புள்ளைங்களுக்குக் குடுத்தது. நாளைக்கு எவனாச்சும் கேட்டா காலேஜுல என் பேரத்தான் கேப்பான்.”

“பெரிய கலெக்டரு காலேஜி” என்று சொல்லிவிட்டுப் போனவள் இரண்டு மாதம் வரவில்லை. பிறகு தானாக வந்தாள். சகோதரிகளுக்குள் நடப்பதுதானே என்று நானும் அதை மறந்துவிட்டேன்.

இரண்டாம் வருடத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டிருந்தார்கள். மே மாதம் ஏழாம் தேதி காலையில் துணி காயப்போட மாடிக்குப் போனவள் தலையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை விடியும்போது போய்விட்டாள்.

எங்கள் பக்கம் சாவுச் செய்தியைச் செத்த வீட்டுக்காரன் சொல்லக் கூடாது. அதற்கென்று ஆள் போக வேண்டும். இப்போது எல்லாம் போனில்தான் நடக்கிறது என்றாலும் அந்தப் போனையும் வீட்டுக்காரன் செய்ய மாட்டான். யாருக்கு யார் சொல்வது என்று முதலில் பிரித்துக்கொள்வார்கள். ஆள் வந்து சொன்னால்தான் வருவார்கள். சொல்லியும் வராதவனிடம் ஏன் வரவில்லை என்று வீட்டுக்காரன் வாய்விட்டுக் கேட்கவும் மாட்டான். மனதில் வைத்துக்கொள்வான்.

நான் ஒரு புக்கிங் ரசீதின் பின்பக்கம் பட்டியல் எழுதினேன். பாகூருக்கு என்னோடு வேலை செய்யும் ஆனந்தராஜ். தெருவுக்கு எதிர்வீட்டுக்காரர். கல்லூரி என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.

“காலேஜுக்கு நான் சொல்லிக்கறேன் மாமா. அக்கா போன்ல எல்லாரு நம்பரும் இருக்குது” என்றாள் வினோதா. அழுது அழுது அவள் குரல் போயிருந்தது. அந்த அழுகை பொய்யில்லை. அதை இன்றும் நான் நம்புகிறேன்.

நெல்லித்தோப்பில் நாலு சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். கல்லூரி ஊரின் அந்தக் கோடியில். அவ்வளவு தூரம் போய் யாரும் ஒட்டவில்லை. பந்தலுக்கு அறுபது நாற்காலி சொல்லியிருந்தேன். கல்லூரிப் பிள்ளைகள் சேர்ந்து வந்தால் உட்கார வேண்டுமே என்று அதில் முப்பதை ஒரு பக்கமாகப் போடச் சொன்னேன். எடுக்கிறவரை அந்தப் பக்கத்து நாற்காலிகளில் யாரும் உட்காரவில்லை.

அவளுடைய அடையாள அட்டையை அவளோடு அனுப்பிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நீலக் கயிறோடு எடுத்து வந்து மார்பில் வைத்தேன். வினோதா அதைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

“இது இருக்கட்டும் மாமா. அக்கா ஞாபகமா எங்கிட்ட இருக்கட்டும்.”

கூட்டத்தில் யாரோ, தங்கச்சியின் பாசத்தைப் பார் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கும் கல்லூரியிலிருந்து யாரும் வரவில்லை. பூர்ணிமா கூட வரவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு அவள் எத்தனை நாள் புளிசோறு கட்டிக்கொண்டு போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் எடுத்துவந்த நூலகப் புத்தகங்கள் மூன்று அலமாரியில் இருந்தன. வந்து கேட்கட்டும், முகத்தைப் பார்த்துக் கொடுப்போம் என்று வைத்திருந்தேன். அதையும் வினோதா, “நீங்க எதுக்கு மாமா அங்கப் போய் நிக்கணும், நான் குடுத்துட்டு வரேன்” என்று எடுத்துப்போனாள்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தாள். காலை பத்தரை மணிக்கு வருவாள். வரும்போது குழம்போ வறுத்த மீனோ தூக்குவாளியில் இருக்கும். ரஞ்சிதத்தின் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, பக்கத்தில் இருக்கும் அவளுடைய போனை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போவாள். அரைமணி, முக்கால்மணி நேரம் இருப்பாள். வெளியே வரும்போது கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

“போட்டோ பாத்துக்கினு இருந்தேன் மாமா.”

நான் அந்தப் போனைத் திறந்ததில்லை. அவள் உயிரோடு இருந்தபோதும் எடுத்துப் பார்த்தவன் இல்லை. எப்படித் திறப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. வினோதாவுக்குத் தெரிந்திருந்தது. “சிம்ம மட்டும் கட் பண்ணிடாதீங்க. அதுல அக்கா இன்னும் சிரிச்சினு இருக்குது” என்று அவள் சொன்னதால் இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை பணம் போட்டுக்கொண்டிருந்தேன். ஆடி அமாவாசைப் படையலில், இறந்தவருக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைத்தபோது, வினோதா அந்தப் போனையும் கொண்டுவந்து வடைக்குப் பக்கத்தில் வைத்தாள். கற்பூரம் காட்டும்போது அதில் ஏதோ செய்தி வந்து வெளிச்சம் அடித்தது. வினோதா சட்டென்று கையை நீட்டி எடுத்துக்கொண்டாள்.

உண்மையைச் சொன்னால் அந்த வெள்ளிக்கிழமைகளுக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தேன். ரஞ்சிதத்தைப் பற்றிப் பேசுவதற்கு இந்த ஊரில் எனக்கு வேறு ஆள் இல்லை. சின்ன வயதில் அவள் கரைவலை இழுத்தது, அப்பாவிடம் அடி வாங்கியது எல்லாம் வினோதா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆயுத பூஜை முடிந்த திங்கட்கிழமை. மாவிலைத் தோரணம் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெண் ஆட்டோவில் மெத்தையை ஏற்றிக்கொண்டு வந்து ஓசூருக்கு அண்ணன் பெயரில் புக் செய்ய வேண்டும் என்றாள். நான் விலாசம் எழுதிக்கொண்டிருந்தபோது அவள் என் மேசைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அடியில் ரஞ்சிதத்தின் சிறிய படம் ஒன்று வைத்திருந்தேன்.

“சார், நீங்க ரஞ்சிதம் அக்கா வீட்டுக்காரரா?”

“ஆமாம்.”

“நான் பூர்ணிமா சார். அக்கா சொல்லியிருப்பாங்க.” முகமெல்லாம் சிரிப்பு. “அக்காவுக்கு இப்ப எப்படி சார் இருக்கு? எப்ப கிளாஸுக்கு வருவாங்க?”

பேனாவை வைத்துவிட்டேன். இந்தப் பெண் கேலி செய்கிறாளா என்றுதான் முதலில் தோன்றியது. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள்.

“நாங்க வந்து பாக்கறோம்னு எத்தன தடவ கேட்டோம். டாக்டர் யாரையும் பாக்க வேணாம்னு சொல்லிட்டாராமே. அட்டெண்டன்ஸ்க்கு கோபிநாத் சார் மெடிக்கல் லீவு போட்டு வெச்சிருக்காரு. நோட்ஸ் பத்தி அக்கா கவலைப்பட வேணாம் சார். ஆளுக்கு ஒரு பாடம்னு முறை போட்டு எழுதினு வரோம். ஜெராக்ஸ்னா அக்காவுக்குப் புடிக்காது, கையாலதான் எழுதறோம்.”

“அவ உங்ககிட்ட பேசினாளா?”

“போன்ல பேசமாட்டாங்க, தல வலிக்குதுன்னு. குரூப்ல மெசேஜ் போடுவாங்க. ஆனா பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் போடுவாங்க. நாங்ககூட கிண்டல் பண்ணுவோம், அக்கா வெள்ளிக்கிழம அம்மனாயிட்டாங்கன்னு.”

அவளுடைய போனில் அந்தக் குழுவைக் காட்டச் சொன்னேன். நின்றுகொண்டே படித்தேன். ஜூலை ஐந்தாம் தேதி, ரஞ்சிதத்தின் பெயர், ரஞ்சிதத்தின் சிரித்த முகம்: ‘உடம்பு கொஞ்சம் சரியில்ல. ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்க. நீங்க நல்லா படிங்க.’ அதற்கு அடியில் இருபது பிள்ளைகள் கும்பிட்டிருந்தார்கள். நோட்டு எழுதுகிறோம் என்று பூர்ணிமா போட்டதற்கு ஒரு சிவப்பு இதயம். ஆடி அமாவாசை அன்று, ‘வீட்ல சாமி கும்புடறோம், அப்புறம் பேசறேன்.’

அந்தச் சாமி அவள்தான்.

“சார், என்ன சார்?” என்றாள் பூர்ணிமா.

அப்போதே சொல்லியிருக்கலாம். எதிரே ஒரு பெண் நம்பிக்கையோடு நிற்கிறாள். நானே என் வாயால் சொல்லக் கூடாது என்ற பழக்கமும் எங்கோ நின்று தடுத்தது. “சொல்லி அனுப்பறேன்மா” என்று மட்டும் சொன்னேன். மெத்தைக்கு ரசீது கிழித்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை வினோதா வந்தாள். தூக்கில் சங்கரா மீன் குழம்பு. விளக்கேற்றினாள். போன் வைத்திருந்த இடத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். போன் என் சட்டைப்பையில் இருந்தது.

“காலேஜுக்குச் சொன்னியா வினோதா?”

“எந்தக் காலேஜுக்கு?”

“மே மாசம் சொல்றேன்னு போனியே, அந்தக் காலேஜுக்கு.”

அவள் தூக்கைக் கீழே வைத்தாள். பொய் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

“அன்னிக்கி நெஜமாவே மறந்துட்டேன் மாமா. காலேஜு வேற லீவு. அப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். பத்து நாளு கழிச்சி அந்த ஸ்டூடன்ட் கணக்கு முடியப் போவுதுன்னு வந்துச்சி. அட்டைதான் எங்கிட்ட இருந்துச்சே, போட்டுப் பாத்தேன். ஒரு வருசத்துக்கு வந்துடுச்சி. செத்துட்டாங்கன்னு சொன்னா காலேஜ்ல அந்த மெயில மூடிடுவாங்களாம்.”

“அதுக்காக.”

“ஆடித் தள்ளுபடி வந்துச்சி. குப்பத்துல கேட்டாங்க. எங்க வீட்டுக்காரு ரெண்டு மாசமா கடலுக்குப் போவல, உங்களுக்குத் தெரியாதா?”

“நீ கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேன்.”

“குடுத்திருப்பீங்க. ஒரு தடவ குடுத்திருப்பீங்க.” அவள் குரல் ஏறியது. “அக்கா உசுரோட இருந்தா எனக்குச் செஞ்சிருக்காதா?”

“செய்ய மாட்டேன்னுதான சொன்னா. இதே இடத்துல.”

அவள் வேறு பக்கமாக வந்தாள்.

“நீங்க மட்டும் இன்னா மாமா? மாசாமாசம் சிம்முக்குப் பணம் போடல? செத்தவங்களுக்கு யாராவது ரீசார்ஜ் பண்ணுவாங்களா? நீங்களும்தான் அக்கா இருக்குதுன்னு வெச்சினு இருந்தீங்க. நான் அதுல நாலு நைட்டி வாங்கிக்கினேன்.”

அது என்னைத் தைத்தது. ஆனால் நான் வைத்திருந்தது என் வீட்டுக்குள். இவள் அவளைப் பேச வைத்திருக்கிறாள். ‘நல்லா படிங்க’ என்று எழுத வைத்திருக்கிறாள். அந்தப் பிள்ளைகள் மூன்று மாதமாகப் பாடம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நான் ஐந்து மாதமாக அவர்களை நன்றி கெட்டவர்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“இந்த ரூம்ல போய் ஒக்காந்து அழுதியே. அதுவும் நைட்டிக்குத்தானா?”

“அதக் கேக்காதீங்க மாமா” என்றாள். அப்புறம் அழுதாள். அது எந்த அழுகை என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் நான் சொன்னது இதுதான். நீ சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போன செய்தி இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது. போய்ச் சொல்லிவிட்டு வா. போனில் வேண்டாம். வகுப்பில் போய் நின்று சொல். சொல்லிவிட்டால் இதைப் பற்றி நான் மறுபடி வாயெடுக்க மாட்டேன். நீ எப்போதும்போல வரலாம்.

“தீவாளி வரைக்கும் பொறுத்துக்குங்களேன். பதிமூணு நாளுதான். எல்லார்கிட்டயும் ஆர்டர் வாங்கிட்டேன்.”

“திங்கக்கிழமை நானே கூட்டிப் போறேன்.”

திங்கட்கிழமை அலுவலகத்தில் ஆனந்தராஜை உட்கார வைத்துவிட்டு, ஐந்து மணிக்கு அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். கல்லூரி வாசலில் நான் நின்றுகொண்டேன். செய்தி சொல்பவர் பின்னால் செத்த வீட்டுக்காரன் போகக் கூடாது. வினோதா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியேறினாள். முதல் மாடியில் மூன்றாவது அறை என்று காவலாளி காட்டினார். நான் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு சத்தமும் கேட்கவில்லை. சாலையில் வண்டிகளின் இரைச்சலில் எதுவும் கேட்காதுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பத்து நிமிடத்தில் இறங்கி வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

“சொல்லிட்டேன் மாமா.”

“என்ன சொன்னாங்க?”

“என்னா சொல்லுவாங்க. புள்ளைங்க எல்லாம் ஒரே அழுவ. நாளைக்கு வீட்டுக்கு வராங்களாம்.”

அவளை வைத்திக்குப்பத்தில் இறக்கிவிட்டேன். இறங்கும்போது, “உங்க மனசு ஆறிச்சா?” என்று கேட்டாள். ஆறிவிட்டது என்றேன். அது உண்மைதான். திரும்பி வரும்போது அவள் மீது எனக்குப் பரிதாபம்கூட வந்தது.

செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்தேன். காலையிலேயே வீட்டைக் கழுவினேன். ரஞ்சிதத்தின் படத்துக்குப் புது மாலை வாங்கிப் போட்டேன். பந்தல்காரரிடம் இருபத்தைந்து நாற்காலி கேட்டேன். “என்னா சார் விசேஷம்?” என்றார். துக்கத்துக்கு வருகிறார்கள் என்றேன். யார் வீட்டில் என்று கேட்டார். என் வீட்டில்தான் என்றதும் இறக்கிப் போட்டுவிட்டுப் போனார். இரண்டு தவலையில் தண்ணீர் பிடித்து வைத்து, டீக்கடையில் முப்பது டீக்குச் சொல்லி வைத்தேன். வகுப்பு தொடங்குவதற்கு முன்னால், மூன்று மணிக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். பிறகு, வகுப்பு முடிந்து வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். எட்டு மணிக்கு டீக்கடைக்காரர், “அடுப்ப அணைக்கலாமா சார்?” என்று வந்து கேட்டார்.

நாற்காலிகளை நானே ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினேன். அடுக்கும்போதுதான், மே மாதத்தில் அடுக்கியதும் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் மேல் கோபம் வந்தது. இப்போது யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் ஒருவேளை, ஒருவேளை என்று இன்னொரு நாள் பொறுத்துப் பார்த்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் நானே போனேன். முதல் மாடி, மூன்றாவது அறை. வகுப்பு தொடங்கவில்லை. என்னைப் பார்த்ததும் பூர்ணிமா ஓடிவந்தாள். அவள் கையில் பழுப்பு அட்டை போட்ட ஒரு தடித்த நோட்டு இருந்தது.

“சார், கரெக்டா வந்தீங்க. அக்கா வேலூருக்குப் போறதுக்குள்ள குடுத்துடணும்னுதான் முடிச்சி வெச்சிருக்கோம். உங்க தங்கச்சி, அக்காவோட தங்கச்சி, திங்கக்கிழம வந்து சொன்னாங்க. பெரிய ஆபரேஷனாமே. பாவம் சார் அவங்க, சொல்லும்போதே அழுதுட்டாங்க. தீவாளி கழிச்சி நல்ல சேதி சொல்றேன்னாங்க.”

நோட்டை என் கையில் வைத்தாள். முதல் பக்கத்தில் ‘ரஞ்சிதம், மூன்றாம் ஆண்டு’ என்று எழுதிப் பூ வரைந்திருந்தார்கள். உள்ளே ஒவ்வொரு பாடமும் ஒவ்வொரு கையெழுத்து.

கோபிநாத் என்ற அந்த ஆசிரியர் வந்து வணக்கம் சொன்னார். என்னைவிட இளையவர். உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. வகுப்பைப் பார்த்து நின்றேன். கடைசி பெஞ்சில் சுவர் ஓரமாக ஓர் இடம் காலியாக இருந்தது. அதில் யாரும் பைகூட வைக்கவில்லை.

“மே மாசம் ஒன்பதாம் தேதி ரஞ்சிதம் இறந்துட்டாங்க” என்றேன். “உங்களுக்கு ஆள் வந்து சொல்லியிருக்கணும். வரல. என்னை மன்னிச்சிக்குங்க.”

யாருக்கும் புரியவில்லை. ஒரு பையன், எந்த மே மாதம் என்று கேட்டான். ஆசிரியர் பிரேமில்லாத கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முன்வரிசையில் ஒரு பெண் அழ ஆரம்பித்ததும் மற்றவர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. ஐந்து மாதத்துக்கு முந்தின சாவு அப்போதுதான் அந்த அறையில் நடந்தது. நான் அதை இரண்டாவது முறை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பூர்ணிமா அழவில்லை. போனை எடுத்து அந்தக் குழுவைத் திறந்து, விரலால் தள்ளித் தள்ளி முன்னால் போனாள். அக்டோபர், செப்டம்பர், ஆகஸ்ட். சிவப்பு இதயம் இருந்த இடத்தில் நிறுத்தினாள். நான் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

“அப்ப எங்கூட பேசினு இருந்தது யாரு சார்?”

“சொல்ல அனுப்பின ஆள்தாம்மா” என்றேன்.

அவள் போனை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள். திருப்பிக் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

அன்றே எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். நாற்காலிகளைப் பந்தல்காரர் எடுத்துப் போயிருந்தார். இருபத்துமூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். இரண்டு நாளில் கல்லூரி அந்த மின்னஞ்சலை மூடியது. தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது வினோதா என் போனுக்கு ஏழு தடவை அழைத்தாள். நான் எடுக்கவில்லை. வாசலுக்கு அவள் வரவில்லை.

திதிப்படி இந்த ஏப்ரலிலேயே முதல் வருடத் தெவசம் வந்தது. யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று பட்டியல் எழுதினேன். ஆள் போதவில்லை என்பதால் பூர்ணிமாவும் இரண்டு பையன்களும் சொல்லப் போனார்கள். பட்டியலைக் கையில் வாங்கிப் படித்த பூர்ணிமா, “வைத்திக்குப்பத்துக்கு யாரு சார் போறது?” என்று கேட்டாள்.

“அது அதுல இல்லம்மா” என்றேன்.